கடன் கொடுத்தவனுக்குக் காப்பு! கை கொடுத்தவனுக்கு?

"இம்மையில் பொறுத்துக்கொள், மறுமையில் மகிழ்ந்திருப்பாய்!" என்று ஏழைக்கு அறிவுரை வழங்கிய காலம் ஒன்று இருந்தது. மறுமையைக் கண்டு மீண்டு வந்து சான்று கூறியவர் எவரும் இல்லையாகையால், அந்தச் சரக்கு நெடுங்காலம் விலை போயிற்று. கேள்வி கேட்கும் இளைஞர் கூட்டம் பெருகிய பிறகு வியாபாரம் சற்றே படுத்தது. கடை மூடப்பட்டதா என்றால், இல்லை. பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. "இன்று குறைந்த கூலிக்கு உழை, நாடு வளரும். நாடு வளர்ந்தபின் உன் குடிசையிலும் வளம் பொங்கும்" என்கிறார்கள். மோட்சம் என்றிருந்த இடத்தில் வளர்ச்சி என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்றும் பொறுக்கச் சொன்னது பாட்டாளியை. இன்றும் பொறுக்கச் சொல்வது பாட்டாளியையே. பெறுபவனைப் பார்த்துப் 'பொறு' என்று சொன்னவர் எவரேனும் உண்டா? தேடிப் பார்க்கிறோம், தோழர்களே, அகப்படவில்லை.

வளர்ச்சிக்கு நாம் பகைவர் அல்லர். மின்விளக்கு வேண்டாம், அகல் விளக்கே போதும் என்று பழமைக்குப் பல்லாண்டு பாடுவோர் வரிசையில் நமக்கு இடமில்லை. ஆலை வேண்டும், அணை வேண்டும், சுரங்கம் வேண்டும், சாலை வேண்டும். அவற்றுக்காக வெளிநாட்டுக் கடனும் வேண்டியிருக்கலாம், வாங்கட்டும். நாம் கேட்பது வேறொன்று. எந்த வளர்ச்சிக்கும் முதல் போட்டவர் இருவர்: பணத்தைக் கொடுத்தவர் ஒருவர், கையைக் கொடுத்தவர் மற்றொருவர். பணம் கொடுத்தவருக்குப் பத்திரம் உண்டு, வட்டி உண்டு, தவணை தவறினால் தட்டிக் கேட்க வழக்குமன்றம் உண்டு. கையைக் கொடுத்தவருக்கு என்ன உண்டு? வாக்குறுதி உண்டு. வாக்குறுதியை எந்த வழக்குமன்றத்தில் தாக்கல் செய்வது?

எங்கோ இருக்கும் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெண்ணாடத்திலிருந்து புறப்பட்டு விருத்தாசலத்தைத் தாண்டினால் நெய்வேலி.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கரிய பொருளொன்றும் மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மண்ணைக் கிளற மேற்கு ஜெர்மனியிலிருந்து வாளிச் சக்கர அகழ்பொறிகள் வந்தன. மின்சாரம் எடுக்கும் அனல்மின் நிலையத்தை எழுப்ப சோவியத் ஒன்றியம் துணை வந்தது. நிலக்கரிப் படிவம் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். அதே ஆகஸ்டில்தான் பெர்லின் நகரின் குறுக்கே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்! அங்கே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மறுத்த இரு முகாம்களின் பொறிகளும் நெய்வேலிக் குழியில் ஒன்றாய் வேலை செய்தன. உலக வளர்ச்சிக்கு ஒத்துழைப்பு என்று இதனை மேடைகளில் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான்.

சுரங்கத்துக்கு மேலே கிடந்த வெண்களிமண்கூட வீண் போகவில்லை. அந்த மண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தழைத்தது. நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் கைகளே மின்கம்பிக்குப் பீங்கானும் செய்தன. (பொம்மைக்கு முன் விழுந்து கும்பிடுவோர், அதைச் செய்தவளின் நாட்கூலி எவ்வளவு என்று விசாரித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.) மண்ணுக்கு மதிப்புக் கூடியது. கரிக்கு மதிப்புக் கூடியது. நிறுவனத்துக்கு 2011இல் 'நவரத்தினா' என்ற பட்டமும் சூட்டப்பட்டது.

ஆனால் கைக்கு?

நேர்மையாகவே பேசுவோம். நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளி என்ற பெயர் பெற்றவர் நல்ல நிலை அடைந்தார். குடியிருப்பு கிடைத்தது, மருத்துவமனை கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. இவற்றை ஜெர்மன் பொறியும் தரவில்லை, ரஷ்யப் பொறியும் தரவில்லை. சங்கம் கட்டிப் போராடிப் பெற்றார்கள். கூலியைத் தொழிலாளி வாங்குவதில்லை, வெல்கிறான் என்பதற்கு நெய்வேலி நகரியமே சான்று.

அந்த வெற்றிக்குப் பதிலாக வந்தது என்ன தெரியுமா? நிரந்தர வேலையை வளரவிடாமல், வாயிலின் பக்கவாட்டில் இன்னொரு வாயில் திறக்கப்பட்டது. ஒப்பந்த முறை என்பது அதன் பெயர். அந்த வழியே வந்தவர்கள் பல்லாயிரவர். நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. சிந்திய கரியை வாருவது, கொதிகலனைத் துப்புரவு செய்வது, பட்டையைப் பழுது பார்ப்பது என்று சுரங்கமும் நிலையமும் இயங்கும் நாளெல்லாம் தேவைப்படும் வேலைகள். அதே தலைக்கவசம், அதே புழுதி, அதே வெப்பம், அதே சங்கொலி. சம்பள நாளில் மட்டும் இருவர் இரு சாதி! பிறப்பினால் வரும் சாதியை ஒழிக்கப் புறப்பட்ட நாட்டில், தாளில் எழுதிய ஒப்பந்தத்தினால் ஒரு புதுச் சாதியை ஆக்கியிருக்கிறார்கள். 2010இலும் 2012இலும் 2014இலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் நின்றார்கள். கேட்டது அரசாட்சியை அன்று. பணி நிரந்தரத்தையும் முறையான ஊதியத்தையும்தான்.

2013ஆம் ஆண்டை இங்கே நினைவூட்ட வேண்டும். நெய்வேலியின் பங்குகளை ஒன்றிய அரசு விற்க முனைந்தபோது தமிழகம் கொதித்தது. தனியார் கைக்குப் போகக்கூடாதென்று தமிழக அரசின் 5 நிறுவனங்கள் 3.56 விழுக்காடு பங்குகளை வாங்கின. தக்க செயல், நாமும் மகிழ்ந்தோம். பங்கைக் காக்கக் கட்சி வேறுபாடின்றி எழுந்த அந்தக் குரலில் பாதியேனும், அதே வாயிலில் அதே ஆண்டில் ஒப்பந்தச் சீட்டோடு நின்றவனுக்காக எழுந்திருக்கலாகாதா? பங்கு தமிழர் கையில் இருந்தால் போதுமா? பாடுபட்டவன் தமிழன் இல்லையா?

2020ஆம் ஆண்டு வந்தது. மே 7ஆம் நாள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம் முழுதாகக் கழியவில்லை. ஜூலை 1ஆம் நாள் அதே நிலையத்தில் மீண்டும் வெடித்தது. அந்த இரண்டாம் வெடிப்பில் அன்றைக்கே 6 பேர் மாண்டனர். தீக்காயத்தோடு மருத்துவமனைக்குச் சென்றவர்களுள் மேலும் பலர் மீளவில்லை. மாண்டவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தனர். வெடித்த கொதிகலன், நிரந்தரமா ஒப்பந்தமா என்று சீட்டைக் கேட்டு எரிக்கவில்லை. நெருப்புக்குத் தெரியாத வேறுபாடு சம்பளப் பட்டியலுக்குத் தெரிந்திருக்கிறது! அதே ஆண்டு செப்டம்பரில், 1962 முதல் உழைத்து வந்த முதல் அனல்மின் நிலையத்துக்கு நிரந்தர ஓய்வு கொடுத்தார்கள். பொறிக்கு ஓய்வு வயது உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இம்முறை ஏதோ நேற்று முளைத்ததென்று எண்ணவேண்டாம். இதன் பாட்டனை நம் பாட்டன்மார் அறிவர். அவன் பெயர் கங்காணி.

தென்னார்க்காடு, திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டங்களின் ஏழைகளை இலங்கைக் காப்பிக்கும் தேயிலைக்கும், மலேயா ரப்பருக்கும் கொண்டு சேர்த்தவன் அவன். அவன் வெள்ளையன் அல்லன். நம் மொழி பேசியவன், நம் ஊரான், பெரும்பாலும் நம் உறவினன். முன்பணம் கொடுத்தான், அது கடனாயிற்று. கடன் கழியும்வரை ஆள் தோட்டத்துக்குச் சொந்தம். இலங்கையில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை அழைத்துப் போகலாம் என்று ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதிக் கொடுப்பது. மாட்டுச் சந்தைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவார்கள். இவனைத் துண்டைப் படித்து வாங்கினார்கள். 1921இல் அந்தத் துண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1938இல் மலேயாவுக்கு உதவிப் பயணத்தில் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு தடுத்து நிறுத்தியது. உலகச் சந்தைக்குத் தேயிலையும் ரப்பரும் வேண்டியிருந்தன. அவற்றை மலிவாய் எடுக்கக் கை வேண்டியிருந்தது. கைக்கும் முதலாளிக்கும் இடையே பழியைச் சுமக்க ஒரு கங்காணி வேண்டியிருந்தான். "கொடுமையா? கங்காணியைக் கேள்!" என்று துரை சொல்லலாம். "என்ன செய்வேன்? துரையின் உத்தரவு" என்று கங்காணி சொல்லலாம்.

ஒப்பந்தக்காரன் இதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறான். "அவன் எங்கள் ஆள் அல்லன்" என்கிறது நிறுவனம். "வேலை என்னுடையதன்று" என்கிறான் ஒப்பந்தக்காரன். நெய்வேலி என்றில்லை, ஒப்பந்த முறை உள்ள இடமெல்லாம் இந்தப் பல்லவிதான். ஒப்பந்தக்காரன் மாறுவான், ஒப்பந்தத் தொழிலாளி மாறமாட்டான். அதே பொறியின் முன் பதினைந்தாண்டு நின்றிருப்பான். தாளில் பார்த்தால் நான்கு முதலாளிகளிடம் நான்கு துண்டாக உழைத்திருப்பான். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் 5 ஆண்டு தொடர்ந்த பணியைக் கேட்டது. துண்டு துண்டாக வெட்டப்பட்டவன் தொடர்ச்சிக்கு எங்கே போவான்?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருந்தது, அதன் வரலாறு சுவையானது. 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குபடுத்தல், ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆண்டு முழுதும் நடக்கும் நிலையான வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதன்கீழ் 1971இல் எழுதப்பட்ட ஒன்றிய விதிகள், நிறுவனத்தின் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே ஊதியம் தரவேண்டும் என்றன. ஆம், தோழர்களே! சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நாம் இன்று கண்டுபிடித்த முழக்கம் அன்று. அரசே எழுதி வைத்த விதி. எழுதியது ஏட்டில் இருந்தது, ஏடு பூட்டில் இருந்தது.

சரி, தடை செய்தால் தொழிலாளியின் கதி? 1996 டிசம்பரில் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம், ஒப்பந்த முறையைத் தடை செய்தால் அந்தத் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் தொழிலாளர் ஆவர் என்று தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு நிலைத்ததா? 2001 ஆகஸ்டில் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனைக் கவிழ்த்தது. தடை செய்தாலும் வேலை தானாகக் கிடைக்காது என்றது. அதாவது, ஒப்பந்த முறை ஒழியும்; கூடவே ஒப்பந்தத் தொழிலாளியும் ஒழிவான். நோயை ஒழிப்பது என்றால் நோயாளியை ஒழிப்பது என்று மருத்துவ அகராதியில் எவரும் எழுதத் துணியமாட்டார்!

பின்னர் 2025 நவம்பர் 21இல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய காப்பு பழைய சட்டத்தில் 20 பேர் இருந்தால் பொருந்தியது. தொகுப்பில் 50 பேர் இருக்கவேண்டும். ஆலையை மூடவும் ஆளைக் குறைக்கவும் அரசின் இசைவு வேண்டுமென்ற கட்டுப்பாடு 100 பேர் உள்ள ஆலைக்கு இருந்தது. அது 300 ஆயிற்று. சிறு பட்டறையும் சிற்றாலையும் நிறைந்த விருத்தாசலம் போன்ற ஊர்களில் இந்த எண்கள் எத்தனை பேரை வெளியே தள்ளும் என்பதைக் கணக்கு வாத்தியார் வந்து சொல்லவேண்டியதில்லை. இதற்குச் சொல்லப்பட்ட காரணமும் வளர்ச்சிதான், முதலீடு வருமாம்.

முதலீடு வரக் காப்பு போகவேண்டும் என்ற இந்தப் பாடத்தை யார் நடத்தினார்கள்? இதற்குக் கொஞ்சம் கடல் கடந்து போகவேண்டும்.

1944ஆம் ஆண்டு, உலகப்போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவில் இரண்டு மாநாடுகள் கூடின. மே மாதம் பிலடெல்பியாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கூடி, உழைப்பு கடைச்சரக்கு அன்று என்று அறிவித்தது. ஜூலையில் பிரெட்டன் உட்சில் வேறொரு கூட்டம் கூடி, உலக வங்கியையும் பன்னாட்டு நிதியத்தையும் ஆக்கியது. முதலாவதற்கு நல்ல நெஞ்சம் இருந்தது. இரண்டாவதற்குப் பணப்பெட்டி இருந்தது. எண்பதாண்டு வரலாற்றை ஒரே வரியில் சொல்வதானால், பணப்பெட்டி பேசியபோதெல்லாம் நெஞ்சம் வாய் மூடி நின்றது. தொழிலாளர் அமைப்பின் தீர்மானத்தை மீறினால் கண்டன அறிக்கை வரும். வங்கியின் நிபந்தனையை மீறினால் அடுத்த தவணை வராது. எதற்கு அஞ்சும் அரசு? 1991இல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த இந்தியாவுக்கு இந்தப் பாடம் நன்றாகவே புரிந்திருந்தது.

உலக வங்கி, தொழில் நடத்த எளிதான நாடு எது என்று தரவரிசைப் பட்டியல் வெளியிட்டு வந்தது. தொழிலாளரை அமர்த்துவது பற்றிய அளவுகோல் ஒன்றும் அதிலே இருந்தது. ஆளை எளிதில் நீக்க முடிந்தால் மதிப்பெண் கூடும். வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தால் குறையும்! பள்ளிக்கூடத்தில் இப்படி மதிப்பெண் போட்டால் ஊர் கூடி நம்மை வெளியே தள்ளும். உலகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தரவரிசைக் கணக்கிலிருந்து அந்த அளவுகோலை வங்கி பின்னர் நீக்கியது. கடைசியில், சில நாடுகளின் எண்களில் முறைகேடு நடந்ததென்று 2021 செப்டம்பரில் பட்டியலையே நிறுத்திவிட்டது. அதற்குள் இந்தியா 142ஆம் இடத்திலிருந்து 63ஆம் இடத்துக்கு ஏறிவிட்டதாக மேளம் கொட்டியாயிற்று. பட்டியல் செத்தது, பாடம் சாகவில்லை.

இன்னொன்று கேளுங்கள். உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் 2009இல் அசாமிலும் மேற்கு வங்கத்திலும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறத்தாழ 78 இலட்சம் டாலர் முதலீடு செய்தது. டாட்டா தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களைப் பிரித்து ஆக்கிய 'அமால்கமேட்டட் பிளாண்டேஷன்ஸ்' என்ற நிறுவனம் அது. நோக்கம் என்ன? தொழிலாளர் வாழ்வு உயர்வது, அவர்களே பங்குதாரர் ஆவது! கேட்கவே இனிக்கிறதல்லவா? ஆனால் கூலி, குடியிருப்பு, கழிப்பிடம், பூச்சிமருந்து தெளிப்பு, பங்கு வாங்கச் செய்த முறை எல்லாவற்றிலும் தொழிலாளர் சார்பில் 2013இல் முறையீடு சென்றது. வங்கிக் குழுமத்தின் சொந்தக் குறைதீர்ப்பு அலுவலகமே 2016இல் வெளியிட்ட அறிக்கையில், கழகம் தன் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்று கண்டது. கங்காணியின் தேயிலை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வளர்ச்சி வங்கியின் தேயிலையாயிற்று. கோப்பையில் நிறம் மாறவில்லை.

"அதெல்லாம் வடக்கே, இங்கே அப்படி நடக்குமா?" என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். நமக்கு வேண்டியவர் ஆட்சியில் இருக்கும்போது வாய் மூடுவது பகுத்தறிவு ஆகாது. 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே நாள் கொண்டாடினார். அதன் நூற்றாண்டு வரப் பத்து நாள் இருக்கையில், 2023 ஏப்ரல் 21இல், தமிழகச் சட்டமன்றம் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டு நிறுவனங்கள் நெகிழ்வான வேலைநேரத்தை எதிர்பார்க்கின்றன என்பதே சொல்லப்பட்ட விளக்கம். எட்டு மணி நேரத்துக்காக உலகம் சிந்திய குருதிக்கு என்ன நெகிழ்ச்சி காட்டினார்களாம்? தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. 24ஆம் நாள் திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாளன்று, திரும்பப் பெறப்பட்டதென முதலமைச்சர் அறிவித்தார். பிழையைத் திருத்திக்கொண்டதைப் பாராட்டுகிறோம். அந்தத் திருத்தம் தானாக வரவில்லை, எதிர்த்ததால் வந்தது என்பதையும் ஏட்டில் குறித்துக்கொள்கிறோம். மறு ஆண்டே சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது சங்கத்துக்கு ஏற்பு! இந்திய நாட்டில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926இல். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, வளர்ச்சியின் முகப்பு என்று காட்டப்படும் ஆலையில், சங்கத்துக்குப் பெயர் எழுதிக்கொள்ளவே தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

பெண்ணாடத்துக்குத் திரும்புவோம். நம் ஊர்க் கோயிலின் விமானத்தைத் தூங்கானை மாடம் என்பார்கள். யானை படுத்திருப்பது போன்ற வடிவம். கல் யானை தூங்கட்டும். ஊர் தூங்குவதில்லை. விழுப்புரம் திருச்சி இருப்புப்பாதையில் நம் நிலையத்தில் நின்று போகும் வண்டிகளில், பெட்டியோடு ஏறும் இளைஞரைப் பார்க்கிறோம். வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையின் பெயரை எழுதும்போது தந்தையின் தொழில் என்னவென்று கேட்கிறோம். கூலி என்கிறான் ஒருவன். விவசாயம் என்கிறான் ஒருவன். மூன்றாமவன் சொல்கிறான், "வெளிநாடு" என்று. வெளிநாடு என்பது தொழிலா? கொத்தனா, ஓட்டுநரா, கம்பி கட்டுபவரா, பையனுக்குத் தெரியாது. தந்தை என்ன வேலை செய்கிறார் என்பதைவிட, எங்கே இல்லை என்பதே அவனுக்குத் தெரிந்த செய்தி.

அந்தத் தந்தையர் அனுப்பும் பணத்தையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கிறார்கள். 2022இல் இந்தியாவுக்கு வந்த அப்பணம் 11,100 கோடி டாலர். 10,000 கோடியைத் தாண்டிய முதல் நாடு இந்தியா என்று அறிக்கைகள் வியந்தன. வியப்பவர்கள் அந்த ஆண்டின் இன்னொரு செய்தியையும் நினைக்கட்டும். 2022இல் கத்தாரில் உலகக் கால்பந்து நடந்தது. ஆடுகளங்களைக் கட்டியவர்கள் இந்தியரும் நேபாளியரும் வங்காளதேசத்தவரும். தொழிலாளி வேலை மாற முதலாளியின் இசைவுச் சீட்டு வேண்டும் என்ற கட்டு அந்நாட்டில் 2020இல்தான் தளர்ந்தது. அதாவது, போட்டி ஒதுக்கப்பட்ட 2010 முதல் பத்தாண்டுக் காலம், வெயிலில் கட்டியவன் தன் முதலாளியை விட்டு விலகத் தன் முதலாளியையே கேட்கவேண்டியிருந்தது. பழைய துண்டு நினைவுக்கு வரவில்லையா? முகவருக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம்தான் பழைய முன்பணம். கங்காணி இப்போது விமானச்சீட்டு வாங்கித் தருகிறான்.

"இவ்வளவும் பேசி, வெளிநாட்டு முதலீட்டை விரட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு வேலை எங்கே?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி, பசித்தவன் கேட்கும் கேள்வி. பசித்தவனை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று பசியாத சிலரும் இதனைக் கேட்கிறார்கள் என்பதுதான் நெருடல். நெய்வேலியைப் பாருங்கள். அங்கே முதலாளி வெளிநாட்டான் அல்லன், அரசே முதலாளி. பணமும் பொறியும் வெளியிலிருந்து வந்தன, ஆண்டுகள் பல முன்பே. ஒப்பந்த முறையை எந்த ஜெர்மானியனும் ரஷ்யனும் வந்து திணிக்கவில்லை. ஒரே குழியில் ஒரு பகுதித் தொழிலாளருக்கு நல்ல ஊதியம் கொடுத்தும் மின்சாரம் வந்தது, நிறுவனமும் ஈட்டியது. ஆக, நல்ல கூலி கொடுத்தால் தொழில் சாகும் என்பது பொய். அந்நியனைத் திட்டிவிட்டு நம் ஊர் ஒப்பந்தக்காரனுக்கு மாலை போடுவதும் அதே பொய்யின் மறுபாதி.

வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தங்களில் வட்டிக்கு ஒரு விதி, தவணைக்கு ஒரு விதி, கணக்குத் தணிக்கைக்கு ஒரு விதி இருக்கிறது. கூலிக்கும் அதே வலிமையுள்ள விதி ஒன்று வேண்டும். நிலையான வேலையில் ஒப்பந்த ஆளை வைத்தால், சம ஊதியம் கொடுக்கத் தவறினால், வட்டி கட்டத் தவறியதற்கு என்ன தண்டமோ அதே தண்டம் விழவேண்டும். பணம் கொடுத்தவனும் பாடுபட்டவனும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திடட்டும். மாநில அரசு நிலமும் நீரும் மின்சாரமும் சலுகையாக வழங்கும் ஒவ்வோர் ஆலையோடும் செய்துகொள்ளும் உடன்படிக்கையில், நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, ஊதியம் எவ்வளவு என்பதை எழுதி மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். சலுகை மக்களுடையது, கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுடையது.

இவற்றைச் சட்டமன்றத்தில் பேசுவோர் பேசட்டும். மன்றத்துத் தோழர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அண்ணன் தம்பியர், அக்கம்பக்கத்தார் எவரேனும் ஒப்பந்தத்தில் வேலை செய்தால், அவருடைய ஊதியச் சீட்டை வாங்கி, வரும் ஞாயிறு படிப்பகத்துக்குக் கொண்டுவாருங்கள். சீட்டே கொடுப்பதில்லை என்றால் அதை எழுதிக் கொண்டுவாருங்கள். சேமநிதி எண் இருக்கிறதா, ஒப்பந்தக்காரன் மாறியபோது அந்த எண் மாறியதா, பிடித்த தொகை கட்டப்பட்டதா, யாருடைய ஆலை என்ற பெயர் அச்சீட்டில் எங்கேனும் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட ஆசிரியர்கள் மூவர் இசைந்திருக்கிறோம். மாலை 4 மணிக்குக் கதவு திறந்திருக்கும்.